தண்டனைக்கு முன் விசாரணை: பள்ளியில் பிள்ளையின் தரப்பைக் கேட்பது யார்?

பள்ளிகளில் கட்டொழுங்கை இறுக்க வேண்டும் என்ற குரல் நாட்டில் வலுத்து வருகிறது. பகடிவதை, மாணவர்களுக்கிடையிலான வன்முறை, ஆசிரியரை எதிர்த்துப் பேசும் காணொளிகள் என ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் பிரம்பு மீண்டும் வர வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். பிரம்பே கூடாது என்கிறார்கள் இன்னொரு சாரார். இந்த வாதத்தில் ஒரு கேள்வி காணாமல் போய்விடுகிறது. தவறு செய்ததாகச் சொல்லப்படும் மாணவர் உண்மையில் அதைச் செய்தாரா என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

தண்டனை கடுமையாக இருக்கலாம், மென்மையாகவும் இருக்கலாம். எதுவானாலும் அதற்கு முன்பு பிள்ளையின் தரப்பைக் கேட்டார்களா என்பதே அடிப்படை. நம் சமூகத்தில் எழும் பெரும்பாலான பள்ளித் தகராறுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. பெற்றோர் அதை உணரும் நேரத்தில் கடிதம் வீட்டுக்கு வந்திருக்கும், முறையீட்டுக்கான நாட்களும் ஓடத் தொடங்கியிருக்கும்.

*1959ஆம் ஆண்டு விதிகள் சொல்வது என்ன?*

மலேசியப் பள்ளிகளின் கட்டொழுங்கு நடவடிக்கைகளுக்கு இன்றும் அடிப்படையாக இருப்பவை 1959ஆம் ஆண்டின் கல்வி பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள். மலேசியா உருவாவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டவை. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் வந்த பிறகும் அவை தொடர்ந்து நடைமுறையில் உள்ளன.

அந்த விதிகளின்படி பிரம்படி கொடுக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு உண்டு. அவர் அதிகாரம் வழங்கிய ஆசிரியருக்கும் உண்டு. மற்றவர்களுக்கு இல்லை. மெல்லிய பிரம்பால் உள்ளங்கையிலோ, உடைக்கு மேலாகப் பின்புறத்திலோ மட்டுமே அடிக்கலாம். மாணவிகளைப் பிரம்பால் அடிக்க அனுமதியே கிடையாது. மற்ற மாணவர்கள் பார்க்கும்படி பொதுவில் அடிக்கக் கூடாது என்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் வலியுறுத்துகின்றன. கன்னத்தில் அறைவது, காதைத் திருகுவது, வெயிலில் நிற்க வைப்பது ஆகியவை இந்த விதிகள் அனுமதிக்கும் தண்டனைகள் அல்ல. 2024ஆம் ஆண்டு அம்பாங்கில் 11 வயது மாணவர் ஒருவர் வெயிலில் நிற்க வைக்கப்பட்டு வெப்பத் தாக்கத்துக்கு ஆளானதாக அவரின் குடும்பத்தார் புகார் செய்தபோது நாடே அதிர்ந்தது. 'அந்தக் காலத்தில் நாங்கள் நிற்கவில்லையா' என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்திலும் அது விதியில் இல்லை என்பதுதான் உண்மை.

பள்ளித் தலைவர் ஒரு மாணவரை 14 நாட்கள் வரை இடைநீக்கம் செய்யலாம். கடும் குற்றங்களுக்குப் பள்ளியிலிருந்தே நீக்கலாம். அப்படிச் செய்யும்போது காரணத்தைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். நீக்கத்தை எதிர்த்துப் பதிவாளரிடம் முறையிடும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. நடைமுறையில் அந்த முறையீடு மாநிலக் கல்வி இலாகாவுக்குச் செல்லும். அதற்கான அவகாசம் 14 நாட்கள்.

அந்த 14 நாட்களில்தான் பல குடும்பங்கள் தோற்றுப் போகின்றன. கடிதம் மலாய் மொழியில், அலுவலக நடையில் வருகிறது. தந்தை இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறார். தாய்க்கு விடுப்பு எடுத்தால் அன்றைய சம்பளம் போய்விடும். கடிதத்தை யாரிடமாவது காட்டி விளக்கம் கேட்பதற்குள் ஒரு வாரம் போகிறது. 'பள்ளியே முடிவு செய்துவிட்டதே, இனி என்ன செய்ய முடியும்' என்ற நினைப்பில் அடுத்த வாரமும் போகிறது. உரிமை சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்க, அவகாசம் கடந்துவிடுகிறது.

*'நீங்களே வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்'*

இதைவிடக் கவனிக்க வேண்டிய இன்னொரு நிலைமை உண்டு. பள்ளி நிர்வாகம் மாணவரை நீக்குவதில்லை. பெற்றோரை அழைத்து, 'நீக்கினால் பதிவில் நிற்கும், பிள்ளையின் எதிர்காலம் கெடும், நீங்களே விருப்பப்பட்டு வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்வது நல்லது' என்று ஆலோசனை கூறுகிறது. பல நேரங்களில் அது நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். பயந்துபோன பெற்றோரும் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கையெழுத்தின் விளைவை அவர்களுக்கு யாரும் விளக்குவதில்லை. நீக்கம் என்று ஒன்று நடந்தால்தான் அதை எதிர்த்து முறையிட முடியும். பெற்றோரே விரும்பி வெளியேறியதாகப் பதிவானால், குற்றச்சாட்டு உண்மையா என்று கேட்பதற்கு எந்த இடமும் இல்லை. பிள்ளையின் மீதான பழி அப்படியே நிற்கும். புதிய பள்ளியில் இடம் கிடைக்கும் வரை பிள்ளை வீட்டில் இருக்கும். எஸ்பிஎம் தேர்வுக்கு ஓராண்டே இருக்கும் நிலையில் சில வாரங்கள் பள்ளிக்குச் செல்லாமல் இருந்தால் படிப்பின் மீதான பிடிப்பே தளர்ந்துவிடும். பகல் முழுவதும் வெளியே சுற்றும் 15, 16 வயது இளைஞனைத் தேடி வருபவர்கள் யார் என்பதை நம் குடியிருப்புப் பகுதிகளில் வாழ்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனவே, இப்படியொரு ஆலோசனை வரும்போது பெற்றோர் உடனே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை. யோசிக்க அவகாசம் கேட்கலாம். குற்றச்சாட்டு என்ன, ஆதாரம் என்ன என்பதை எழுத்தில் தரும்படி கேட்கலாம். அது பள்ளியை எதிர்ப்பது ஆகாது.

*தொழிலாளிக்கு இருப்பது மாணவருக்கு இல்லையா?*

மலேசிய வேலைச் சட்டத்தைப் பற்றி ஓரளவு அறிந்த எவருக்கும் 'உள் விசாரணை' என்றால் என்னவென்று தெரியும். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, ஒழுங்கீனத்துக்காக ஒரு தொழிலாளியை முறையான விசாரணைக்குப் பிறகே பணிநீக்கம் செய்யலாம் என்கிறது. குற்றச்சாட்டைக் கடிதத்தில் கொடுக்க வேண்டும், பதில் சொல்ல நாள் கொடுக்க வேண்டும், விசாரணையில் அவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்த நம் தாத்தா, அப்பா தலைமுறை தொழிற்சங்கத்தின் வழியே பழகிக்கொண்ட முறை இது.

அரசு ஊழியர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இன்னும் வலுவானது. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 135(2) விதி, தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு அளிக்காமல் ஓர் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் இது பொருந்தும்.

ஆனால், அதே பள்ளியில் படிக்கும் 13 வயது மாணவருக்கு? தண்டிக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த அளவுக்கு, பிறகு யாரிடம் முறையிடுவது என்பதில்தான் 1959ஆம் ஆண்டு விதிகளின் கவனம் இருக்கிறது. தண்டனைக்கு முன்பு அந்த மாணவரை எப்படி விசாரிக்க வேண்டும், உடன் யார் இருக்க வேண்டும், எத்தனை நேரம் விசாரிக்கலாம் என்பதற்கு விரிவான நடைமுறை அவற்றில் இல்லை. நல்ல தலைமையாசிரியர் உள்ள பள்ளியில் விசாரணை நல்லபடியாக நடக்கிறது. அப்படி அமையாத பள்ளியில் பிள்ளையின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

மலேசியா 1995ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் சிறார் உரிமை உடன்படிக்கையில் இணைந்தது. சில விதிகளுக்கு நம் அரசாங்கம் இன்னும் விலக்கு வைத்திருக்கிறது. ஆனால் 12ஆவது விதிக்கு விலக்கு இல்லை. தன்னைப் பாதிக்கும் விவகாரங்களில் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பக் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்பதே அந்த விதி. பள்ளிக் கட்டொழுங்கு, பிள்ளையின் மாண்புக்குப் பொருந்தும் வகையில் இருக்க வேண்டும் என்று 28ஆவது விதியின் இரண்டாம் பகுதி கூறுகிறது. அதற்கும் விலக்கு இல்லை. நாடு ஏற்றுக்கொண்ட இந்தக் கொள்கை வகுப்பறைக்குள் விதியாக இன்னும் முழுமையாக இறங்கவில்லை.

*நிபோங் திபால் மறக்கக் கூடாதது*

2018ஆம் ஆண்டு தொடக்கத்தில் பினாங்கு, நிபோங் திபாலில் 13 வயது இந்திய மாணவி ஒருவர், ஆசிரியரின் கைத்தொலைபேசியை எடுத்ததாகச் சந்தேகிக்கப்பட்டார். பள்ளியில் விசாரிக்கப்பட்ட அவர், வீடு திரும்பிய பின் தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். சில நாட்கள் மருத்துவமனையில் உயிருக்குப் போராடி, பிப்ரவரி 1ஆம் தேதி இறந்தார். பள்ளியில் அவர் எப்படி விசாரிக்கப்பட்டார் என்பது பற்றி குடும்பத்தார் எழுப்பிய கேள்விகள் நாடு முழுவதும் ஒலித்தன.

ஓர் உயிர் ஏன் போனது என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது. சொல்லவும் கூடாது. ஆனால் அந்தச் சம்பவம் நம் முன் வைத்த கேள்விகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. திருட்டுச் சந்தேகம் வந்தால் முதலில் பெற்றோரை அழைக்க வேண்டாமா? பொருளை இழந்தவரே விசாரணையிலும் இருக்கலாமா? சந்தேகத்துக்கு ஆளான பிள்ளையோடு, அதன் நலனை மட்டும் பார்க்க ஓர் ஆலோசக ஆசிரியராவது இருக்க வேண்டாமா? 13 வயதில் 'திருடி' என்ற சொல்லைச் சுமப்பது எவ்வளவு கனமானது என்பதைப் பெரியவர்கள் எளிதில் மறந்துவிடுகிறோம்.

பள்ளி காவல் நிலையம் அல்ல. பொருள் தொலைந்தால் கண்டுபிடிக்க முயல்வது இயல்பு. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை பிள்ளையை ஓர் அறையில் உட்கார வைப்பது கட்டொழுங்கு நடவடிக்கை ஆகாது. உண்மையிலேயே குற்றம் நடந்திருந்தால் போலீசில் புகார் செய்யலாம். சட்டத்தோடு மோதும் சிறாரை எப்படி நடத்துவது என்பதற்கு 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் இருக்கிறது. இக்கட்டான மனநிலையில் இருக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் 15999 என்ற காசே தொலைபேசிச் சேவையை எந்த நேரமும் அழைக்கலாம்.

*நீதிமன்றம் போனால் கிடைக்குமா?*

கிடைக்கலாம். ஆனால் பிள்ளை வளர்ந்துவிடும்.

நெகிரி செம்பிலான், செர்த்திங்கில் ஆரம்பப்பள்ளி மாணவர்கள் மூவர், பள்ளி விதியை மீறித் தலைப்பாகை அணிந்து வந்ததற்காக 1997ஆம் ஆண்டு பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. உயர்நீதிமன்றம் மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம் பள்ளியின் பக்கமே நின்றது. யார் சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். இறுதி விடை வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஆரம்பப்பள்ளியில் நீக்கப்பட்டவர்கள் அதற்குள் இளைஞர்களாகிவிட்டார்கள்.

அண்மைய தீர்ப்பு நம்பிக்கை தருவது. சபா, கோத்தா பெலுட்டில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியர் 2017ஆம் ஆண்டு ஏழு மாதங்கள் வகுப்புக்கே வரவில்லை. அந்த வகுப்பில் படித்த மாணவி ஒருவர் 2018இல் ஆசிரியர், பள்ளி முதல்வர், கல்வி தலைமை இயக்குநர், கல்வி அமைச்சர், அரசாங்கம் அனைவர் மீதும் வழக்குத் தொடுத்தார். 2023 ஜூலையில் கோத்தா கினபாலு உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து 150,000 வெள்ளி இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. கல்வி பெறும் அவரின் அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டதாக நீதிமன்றம் கூறியது.

இது சாதாரணத் தீர்ப்பு அல்ல. கல்வி என்பது பள்ளி விரும்பினால் தரும் சலுகை அல்ல, மாணவர் கேட்டுப் பெறக்கூடிய உரிமை என்பதை அது நிலைநாட்டியது. வகுப்பறையில் ஆசிரியர் இல்லாமல் போவதே உரிமை மீறல் என்றால், சரியான விசாரணையின்றி ஒரு பிள்ளையை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவதை என்னவென்று சொல்வது? ஆனாலும் அந்த மாணவி ஆறு ஆண்டுகள் காத்திருந்துதான் வென்றார். எல்லாக் குடும்பத்துக்கும் அந்தப் பொறுமையும் வழக்கறிஞர் துணையும் கிடைப்பதில்லை. அதனால் தீர்வு நீதிமன்றத்துக்கு முன்பே, பள்ளிக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும்.

*மதிப்பெண்ணிலும் அதே கேள்வி*

கட்டொழுங்கில் மட்டுமல்ல, கல்வி மதிப்பீட்டிலும் இதே குறை இருக்கிறது. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்தானது. பிடி3 தேர்வு 2022இல் ரத்தானது. பிள்ளைகள் மீதான தேர்வு அழுத்தம் குறைந்தது நல்லதே. ஆனால், இதன் இன்னொரு விளைவு அதிகம் பேசப்படவில்லை. முன்பு பெயர் தெரியாத ஒருவர் விடைத்தாளைத் திருத்தினார். பள்ளி சார்ந்த மதிப்பீட்டில் அதே பள்ளியின் ஆசிரியரே பிள்ளையின் அடைவுநிலையை 1 முதல் 6 வரை நிர்ணயிக்கிறார். நான்காம் படிவத்தில் எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்ற முடிவிலும் பள்ளியின் மதிப்பீட்டுக்குப் பங்கு உண்டு.

எஸ்பிஎம் முடிவில் ஐயம் இருந்தால் தேர்வு வாரியத்திடம் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளி மதிப்பீட்டில் ஐயம் இருந்தால்? முதலில் பாட ஆசிரியர், பிறகு தலைமையாசிரியர். இருவருமே அந்த மதிப்பீட்டில் சம்பந்தப்பட்டவர்கள். கட்டொழுங்கு ஆசிரியரோடு தகராறில் இருக்கும் மாணவரின் அடைவுநிலை குறைந்தால், அது உண்மையான சரிவா, கோபத்தின் விளைவா என்று பெற்றோருக்குச் சந்தேகம் எழும். அந்தச் சந்தேகம் தவறாகவே இருக்கலாம். அதைத் தீர்த்துவைக்க ஒரு வழி இருந்தால் ஆசிரியருக்கும் அது நல்லது.

மெட்ரிகுலேஷன் விவகாரம் நம் சமூகம் நன்கு அறிந்தது. 2024ஆம் ஆண்டு, எஸ்பிஎம் தேர்வில் 10ஏ பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். மறு ஆண்டில் ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேராது என்று கல்வி அமைச்சு விளக்கியபோது பல குடும்பங்கள் திகைத்தன. எது ஏ என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அமைச்சுக்கு இருக்கலாம். விதியை முன்கூட்டியே தெளிவாகச் சொல்வதும், நிராகரித்தால் காரணம் கூறுவதும் அதே அதிகாரத்தோடு சேர்ந்த கடமைகள். காரணம் தெரியாமல் எழுதும் மேல்முறையீடு இருட்டில் எறியும் கல்தான்.

*ஆசிரியருக்கும் இதில் பாதுகாப்பு*

மாணவர் உரிமை என்றதும், ஆசிரியர்களின் கையைக் கட்டிவிடுகிறார்கள் என்ற வருத்தம் எழுவது இயல்பு. அதில் நியாயமும் உண்டு. 40 பேர் கொண்ட வகுப்பைச் சமாளிப்பது எளிதல்ல. சிறு கண்டிப்பைக் கூடக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து சமூக ஊடகத்தில் போட்டுவிடும் காலம் இது. முழு விவரம் தெரிவதற்குள் ஆசிரியரின் பெயரும் பள்ளியின் பெயரும் புலனக் குழுக்களில் சுற்றி வந்துவிடுகின்றன. போலீஸ் புகாரோடும் அரசியல்வாதியோடும் பள்ளி வாசலில் வந்து நிற்கும் பெற்றோரும் இருக்கிறார்கள்.

இதற்கும் மருந்து முறையான விசாரணைதான். குற்றச்சாட்டு எழுத்தில் இருந்து, மாணவரின் பதிலும் பதிவாகி, சாட்சி முன்னிலையில் முடிவு எடுக்கப்பட்டிருந்தால், பின்னர் எந்தப் புகார் வந்தாலும் ஆசிரியர் அந்தப் பதிவைக் காட்டலாம். ஒன்றும் எழுதாமல் கோபத்தில் கொடுத்த தண்டனையைத்தான் யாராலும் தற்காக்க முடியாது. தன் தரப்பைக் கேட்ட பிறகு கொடுக்கப்படும் தண்டனையைப் பிள்ளையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

*என்ன செய்யலாம்?*

பெற்றோர் செய்யக்கூடியவை எளியவை. பள்ளியிலிருந்து அழைப்போ கடிதமோ வந்தால் தேதியைக் குறித்துவைப்பது, முதலில் பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பது, பள்ளியிடம் குற்றச்சாட்டையும் ஆதாரத்தையும் எழுத்தில் கேட்பது, தங்கள் பதிலையும் எழுத்திலேயே கொடுத்து நகல் வைத்துக்கொள்வது. காயம் இருந்தால் அன்றே அரசாங்கக் கிளினிக்கில் காட்டி அறிக்கை பெறுவது. தலைமையாசிரியரிடம் தீராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகம், அதன் பிறகு மாநிலக் கல்வி இலாகா, பின்னர் அமைச்சின் புகார்ப் பிரிவு என்று படிப்படியாகச் செல்வது. மனித உரிமை ஆணையமான சுஹாகாமில் சிறாருக்கென்றே ஆணையர் இருக்கிறார். சமூக ஊடகம் கடைசிப் படியாக இருப்பதே நல்லது. அங்கே போன பெயர் திரும்பி வராது, பிள்ளையின் பெயரும்தான்.

நம் இயக்கங்களுக்கும் வேலை இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்த 14 நாள் அவகாசத்தையும் முறையீட்டு வழியையும் தமிழில் விளக்கிச் சொல்லலாம். பரிசளிப்பு விழாவுக்கும் ஊக்கவுரைக்கும் மண்டபம் எடுக்கும் அமைப்புகள், மலாய் மொழியில் முறையீட்டுக் கடிதம் எழுதித் தரும் இரண்டு தன்னார்வலரை ஒவ்வொரு வட்டாரத்திலும் வைத்திருந்தால், ஆண்டுதோறும் சில பிள்ளைகளாவது வகுப்பறைக்குத் திரும்புவார்கள்.

அரசாங்கம் செய்ய வேண்டியது மூன்று. இடைநீக்கத்துக்கும் நீக்கத்துக்கும் முன்பு மாணவரின் தரப்பைப் பெற்றோர் அல்லது ஆலோசக ஆசிரியர் முன்னிலையில் கேட்க வேண்டும் என்பதை விதியாகவே எழுத வேண்டும். முடிவுக் கடிதத்தில் காரணமும், முறையிடும் வழியும், கடைசித் தேதியும் குடும்பத்துக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். முறையீட்டைக் கேட்கும் குழுவில் பள்ளிக்கு வெளியே உள்ளவர் ஒருவராவது இடம்பெற வேண்டும்.

இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் 2025இல் விவாதித்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரைத் தண்டிக்க முடியுமென்றால், அந்தப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்புவதும் அதே அளவு கவனத்தோடு செய்ய வேண்டிய காரியம். 66 ஆண்டுகளுக்கு மேல் பழமையான விதிகளைத் திருத்தி எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் வேறு இல்லை.